இன்னொரு ஆஃப்செட்

மெஷினை வாங்க ஆள் வருவதாக என் கணவரின் அண்ணன் காலையிலேயே போன் செய்துவிட்டார். நான் சாவியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினேன். கணவர் இறந்த பிறகு அன்றுதான் முதன்முதலாகத் திறக்கிறேன். பங்குனியில் பூட்டியது, ஆடி பிறந்துவிட்டது. உள்ளே, வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றுகிற கூலண்ட் புளித்துப்போன வாடை முகத்தில் அடித்தது. பித்தளைச் சீவல் டிரேயில் அப்படியே கிடந்து கறுத்திருந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எங்கள் பட்டறை சிவகாசியிலிருந்து விருதுநகர் போகிற ரோட்டில், ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு அடுத்து இருக்கிறது. உள்ளே கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு சிஎன்சி லேத், மூலையில் ஒரு பழைய லேத். அவ்வளவுதான். அச்சு பிரஸ்களுக்கு உருளைகளின் முனையில் மாட்டுகிற கன்மெட்டல் புஷ் செய்வோம். பட்டாசுக் கம்பெனிக்கு மருந்து இடிக்கிற பித்தளைக் குச்சி செய்வோம். பட்டாசு ரூமுக்குள் இரும்பு போகக்கூடாது, பொறி கிளம்பிவிடும். அதனால் அவர்களுக்கு எல்லாமே பித்தளை. மெஷினை ஓட்டியது என் கணவர். பிசிறு தட்டுவது, மைக்ரோமீட்டர் வைத்து அளப்பது, எண்ணிக் கட்டிப் பில் போடுவது என் வேலை. மெஷினின் பட்டன் எதையும் நான் தொட்டதில்லை. தொட வேண்டிய அவசியம் வரவில்லை.

அவர் கன்மெட்டல் ராடு பார்க்க விருதுநகர் போனவர். திரும்பி வர ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பங்குனிப் பொங்கலுக்கு வந்த கூட்டம் பிளாட்பாரம் முழுக்க இருந்ததாம். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். ரயில் வந்து போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை என்பதை டீ விற்கிறவர்தான் பார்த்திருக்கிறார். அவருடைய போனிலிருந்தே எனக்குக் கூப்பிட்டார். நான் பேரைப் பார்த்துவிட்டு, "வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க" என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன்.

அதன் பிறகு எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. அழுகை வரும் என்று சுற்றியிருந்த பெண்கள் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். விருதுநகரில் நர்சிங் படிக்கிற என் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தலைமுடியில் ஒரு பூச்சி ஊர்வதைப் பார்த்து எடுத்துப் போட்டேன். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, தொட்டால் இருப்பது தெரியும், ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. மாதங்கள் போயும் விலகவில்லை.

மெஷின் பார்க்க வந்தவர் சாத்தூர்க்காரர். அத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் வந்தார். கணவரின் அண்ணனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தீப்பெட்டி லைன், மெஷின் பழக்கம் கிடையாது. மெயின் சுவிட்சைப் போட்டு, தம்பி செய்து பார்த்த ஞாபகத்தில் பச்சைப் பட்டனை அழுத்தினார். திரையில் சிவப்பு எழுத்து வந்து மின்னியது. ரீசெட்டை அழுத்தினார். எழுத்து போகவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார்.

"ஓட்டிப் பாக்காம எப்படிங்க வாங்குறது? சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சாத்தூர்க்காரர் கிளம்பிவிட்டார்.

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சர்வீஸ்காரரு நம்பர் இருக்காம்மா?"

இருந்தது. என் போனிலேயே இருந்தது. பில் எல்லாம் நான்தானே போடுவேன்.

மதுரையிலிருந்து அவர் இரண்டு நாள் கழித்து பைக்கில் வந்தார். என்னைவிடச் சின்னவர், கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. என் கணவர் இறந்தது அவருக்குத் தெரியாது. அத்தான் சொன்னதும் கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம், "போன தடவ வந்தப்பவே பேட்டரி மாத்தணும்னு சொல்லிட்டுப் போனேன்க்கா. வாங்கி வைக்கேன்னு சொன்னாரு" என்றார். சொல்லிவிட்டு அதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "தண்ணி குடிக்கீகளா?" என்று கேட்டேன்.

மெஷினின் பின்கதவைத் திறந்து பேட்டரியை மாற்றிக்கொண்டே அவர் விளக்கினார். நான் கேட்கவில்லை, பக்கத்தில் நின்றதால் சொன்னார்.

"மோட்டாருக்குப் பின்னாடி ஒரு கண்ணு மாதிரி இருக்குக்கா. நாம எங்கன நிக்கோம்னு அது கணக்கு வச்சிருக்கும். கரண்டு இல்லாதப்ப பேட்டரிதான் அந்தக் கணக்கக் காப்பாத்தணும். மாசக்கணக்கா ஆஃப்லயே கெடந்திருக்கு, பேட்டரி இறங்கிருச்சு. இப்ப மெஷினுக்குத் தான் எங்கன நிக்கோம்னே தெரியாது. அதான் அலாரம்."

"இப்ப என்ன செய்யணும்?"

"ஹோம் வைக்கணும்."

வெட்டுகிற டூல்களைத் தாங்குகிற எஃகுச் சக்கரத்துக்கு டரட் என்று பெயர். அதற்கு எட்டு முகம், முகத்துக்கு ஒரு டூல். அது இரண்டு பக்கமாக நகரும். முன்னும் பின்னும் போனால் எக்ஸ், நீளவாக்கில் போனால் இசட். இரண்டிலும் ஓர் இடத்தைக் காட்டி, இதுதான் உன் ஆரம்பம், இங்கிருந்துதான் எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லி வைப்பதுதான் ஹோம். சொல்லக் கேட்டால் சுலபம். அவர், துண்டைப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் டயலை மாட்டி, டரட்டின் துளைக்குள் அதன் முள்ளைத் தொடவிட்டு, சக்கைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒருபக்கம் சாய்ந்தது. கைச்சக்கரத்தை ஒரு கிளிக் திருப்பினார். மறுபடி சுற்றினார். முள் அசையாமல் நிற்கும்வரை அதையே செய்தார். அத்தான் இரண்டு தடவை வெளியே போய் வந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். வெகுநாளாக எதையும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

மெஷின் ஹோமுக்குப் போய் இரண்டு பச்சை விளக்கும் எரிந்தது. சிவப்பு எழுத்து மறைந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அத்தான்.

"என் வேல முடிஞ்சிருச்சு சார். ஆனா ஓட்ட முடியாது." அவர் ஒரு பட்டனை அழுத்தி வேறொரு பக்கத்தைத் திறந்தார். "இது ஆஃப்செட் பக்கம்."

சிவகாசியில் ஆஃப்செட் என்றால் அச்சு. போர்டு போர்டாகப் பார்த்து வளர்ந்த சொல். எங்கள் பட்டறைக்குள் இன்னொரு ஆஃப்செட் இருப்பது எனக்குத் தெரியும். கணவர் வாயில் கேட்டிருக்கிறேன். ஆனால் என்ன என்று கேட்டுக்கொண்டதில்லை. ஒவ்வொரு டூலும் ஒவ்வொரு நீளம். எந்த டூலின் நுனி ஹோமிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அளந்து அந்தப் பக்கத்தில் போட்டுவைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் டூல் காற்றில் வெட்டும். அல்லது சக்கில் போய் இடிக்கும்.

பக்கம் முழுக்க எண்கள் இருந்தன. எல்லாம் என் கணவர் போட்டவை.

"புது ஹோம் பழைய எடத்துல அச்சா உக்காராது. கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். இந்த நம்பர் எல்லாம் பழைய ஹோம்லருந்து எடுத்தது. இனிமே எதுவும் பொருந்தாது. அழிச்சிட்டுப் புதுசா எடுக்கணும். அது ஆபரேட்டர் வேல. ஆள் இருக்காங்களா?"

"விக்கப் போறோம் தம்பி. ஆளெல்லாம் இல்ல."

"அப்ப வாங்குறவங்க எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லி, எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கும் பட்டன்மேல் விரலை வைத்தார்.

"இருங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்தின் அடுத்த பக்கம் தேய்மானத்துக்கானது. டூல் தேயத் தேய அளவு மாறும். அதை மைக்ரான் கணக்கில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காக, அங்கே சரிசெய்வார்கள். கணவர் கடைசியாக விருதுநகருக்குக் கிளம்புவதற்கு முன்னால் காலையில் ஒரு புஷ்ஷை அளந்து, "பன்னெண்டு கூட இருக்கு" என்று நான் சொன்னேன். "பன்னெண்டா, சரி" என்று சொல்லி அவர் பட்டனைத் தட்டினார். அந்தப் பன்னிரண்டு அங்கே மைனஸ் போட்டு நின்றுகொண்டிருந்தது.

"எழுதி வச்சிக்கிடணுமாக்கா? போட்டோ எடுத்துக்கிடுங்க" என்றார் அவர்.

"வேண்டாம். எப்படி மாத்துறதுன்னு சொல்லுங்க. நான் மாத்துறேன்."

"ஏம்மா, ஒனக்கு எதுக்கு?" என்றார் அத்தான்.

எதுக்கு என்று எனக்கும் தெரியவில்லை. தைரியம் என்று பிற்பாடு சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தைரியம் ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பட்டனைத் தட்டி மொத்தமாக அழிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியும் என்று தோன்றவில்லை. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அத்தானிடம், "வாங்குறவரு வரும்போது ஒரு பீஸாவது ஓட்டிக் காட்டணும்லத்தான்" என்று சொன்னேன். அது அவருக்கு நியாயமாகப் பட்டது.

முதல் டூல் வெளிப்பக்கம் கடைவது. சர்வீஸ்காரர் என்னை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றார். சக்கில் ஒரு பித்தளைத் துண்டு சுற்றியது. கைச்சக்கரத்தைத் திருப்பித் திருப்பி டூலைக் கிட்டே கொண்டுபோனேன். மெலிதாக ஒரு சத்தம், மஞ்சள் சீவல் ஒன்று சுருண்டு விழுந்தது. "நிறுத்துங்க. எக்ஸை நகத்தாம வெளிய வாங்க. அளங்க." மைக்ரோமீட்டர் எனக்குப் பழக்கம். அளந்த எண்ணைச் சொன்னேன். "எக்ஸ் அடிச்சு அந்த நம்பர அடிங்க. புள்ளி போடுங்கக்கா. அளவு பட்டன அமுத்துங்க."

அமுத்தினேன். கணவர் போட்ட எண் இருந்த இடத்தில் வேறொரு எண் வந்து உட்கார்ந்தது.

வெட்டிப் பார்க்க முடியாத டூலுக்குக் காகிதம். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வெட்டி எறிந்த பட்டாசு லேபிள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். துண்டுக்கும் டூலுக்கும் நடுவே அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, டூலை ஒவ்வொரு கிளிக்காக நகர்த்த வேண்டும். காகிதம் லேசாகப் பிடிக்கிற இடம்தான் இடம். பிறகு காகிதத்தின் தடிமனைக் கழிக்க வேண்டும். காகிதம் பிடித்தபோது விரலில் அது தெரிந்தது. மிகச் சிறிய ஓர் இழுப்பு. நான் அதை இன்னொரு தடவை செய்து பார்த்தேன். தெரிந்தது.

ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசியில் தேய்மானப் பக்கத்துக்கு வந்து, பன்னிரண்டு இருந்த இடத்தில் பூஜ்ஜியம் போட்டேன். கண்ணில் ஏதாவது வருகிறதா என்று எனக்குள் பார்த்தேன். பசித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு டூல் மிச்சமிருந்தது. போரிங் பார், துளைக்குள் போய்க் கடைகிற நீளக் கம்பி. அதற்குள் அவருக்கு வேறொரு இடத்திலிருந்து போன் வந்துவிட்டது. "இதையும் அதே மாதிரிதான் எடுக்கணும்க்கா. வெளிய தொடுறதுக்குப் பதிலா உள்ள தொடணும், துளையோட அளவ அடிக்கணும். சந்தேகம்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் சாத்தூர்க்காரர் மறுபடி வந்தார். அவர் வருவதற்கு முன்பே போரிங் பாரைத் தொடவைத்து அளவை அடித்து முடித்திருந்தேன். அவரும் அத்தானும் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்க, கணவர் எழுதி வைத்திருந்த புஷ் புரோகிராமை, சர்வீஸ்காரர் காட்டிய மாதிரி எடுத்து ஓட்டினேன். முதல் டூல் சரியாகக் கடைந்தது. டிரில் சரியாக இறங்கியது. டரட் சுழன்று போரிங் பார் முன்னால் வந்தது. நேரே போய் மோதியது.

சத்தம் பெரிதாக இல்லை. பூசணிக்காயைத் தரையில் போட்ட மாதிரி ஒரு அடி. பிறகு மெஷின் தானாக நின்றுவிட்டது. கம்பி நடுவில் முறிந்து சீவலுக்குள் விழுந்திருந்தது.

சாத்தூர்க்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அத்தான் அவர் பின்னாலேயே ரோடுவரை போனார். திரும்பி வரும்போது அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முறிந்த கம்பியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு அடி எதும் படலயேம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்டுக்குப் போ. சாப்பிடு" என்றார்.

என் கை நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஷட்டரை இறக்கினேன். வீட்டுக்குப் போய் ஊறவைத்த உளுந்தை அரைத்தேன். நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அரைக்கும்போது நினைத்தேன்.

அந்த வாரமே ஒரு பிரஸ்காரர் கூப்பிட்டார். பல வருஷமாக எங்களிடம் புஷ் வாங்குகிற அண்ணாச்சி. ஊரெல்லாம் காலண்டர் சீசன் தொடங்கியிருந்தது.

"ஏம்மா, இந்த நேரத்துல கேக்கக்கூடாதுதான். உருள ஆட்டங்கண்டு போச்சு. கலர் ஒன்னுமேல ஒன்னு உக்கார மாட்டேங்கு. வேற எடத்துல ரெண்டு புஷ் போட்டு வாங்குனேன், சேரல. ஒங்ககிட்ட பழசு எதுவும் செஞ்சு கெடக்கா?"

"செஞ்சது இல்லண்ணாச்சி. பாக்குறேன்" என்றேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று யோசிக்காமல்தான் சொன்னேன்.

சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "துளை எம்புட்டு?" என்றார். "இருபது." "இருபதுன்னு எப்படி அடிச்சீங்க?" "ரெண்டு, சைபர்." மறுமுனையில் அவர் சிரித்துவிட்டார். உடனே, "மன்னிச்சுக்கிடுங்கக்கா" என்றார். "புள்ளி போடலையா?"

புள்ளி இல்லாமல் இருபது என்று அடித்தால் அது இருபது மில்லிமீட்டர் இல்லையாம், இருபது மைக்ரான். துளையின் சுவரைத் தொட்டு நின்ற டூல், துண்டின் நடுமையத்தில் நிற்பதாக மெஷின் எடுத்துக்கொண்டது. பிறகு இருபதுக்குப் போ என்றதும் இன்னும் அவ்வளவு தூரம் வெளியே தள்ளிப் போய், துளைக்குள் நுழைய வேண்டியது புஷ்ஷின் முகத்தில் இடித்துவிட்டது. மற்ற டூல்களுக்கெல்லாம் அவர் பின்னால் நின்று புள்ளி, புள்ளி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்டுக் கேட்டு அடித்தேனே ஒழிய அது எதற்கு என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"எல்லாரும் இத ஒரு தடவ பண்ணுவோம்க்கா. நான் ரெண்டு தடவ பண்ணிருக்கேன், அதுவும் கஸ்டமர் மெஷின்ல."

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடேயே வந்தார். இடித்ததில் டரட் திரும்பியிருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்தார். லேசாகத்தான் திரும்பியிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டி நேராக்கினார். அதன்பிறகு எல்லா டூலையும் மறுபடி தொட வேண்டும். இந்தத் தடவை அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் செய்தேன். புள்ளி என்று அவர் சொல்லவில்லை.

புது போரிங் பாரை மாட்டப் போனபோது அவர் எழுந்து வந்து டரட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"இத ஏன்க்கா இப்படி வச்சிருக்காரு? போரிங் பாருக்குப் பக்கத்து முகத்துலயே இம்புட்டு நீள டிரில். திரும்பும்போது சக்கு தாடையில இடிச்சிருமே. ஒவ்வொரு தடவையும் ஹோமுக்குப் போயித்தான் திரும்பணும். நேரம்லா வீணாப் போகும்?"

"அவருக்குப் பழகிப்போயிருக்கும்."

"அவருக்குப் பழகும். வேற யாரும் நின்னா?"

வேற யாரும் நிற்கப் போகிறார்கள் என்று என் கணவர் நினைத்ததே இல்லை. நான் பத்தடி தள்ளி அத்தனை வருஷம் உட்கார்ந்து பிசிறு தட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது கூப்பிட்டு, இது இன்னது, இதை இப்படித் தொடு என்று சொன்னதில்லை. பேட்டரி வாங்கவில்லை. நெஞ்சு வலித்திருக்கும், அதையும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. கையில் இருந்த ஸ்பேனரை டிரேயில் எறிந்தேன். அது குதித்து விழுந்தது. அவர் இறந்த பிறகு அவர்மேல் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்த எரிச்சல்தான்.

சர்வீஸ்காரர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார். "கழட்டிருவமாக்கா?" என்று கேட்டார்.

"கழட்டிருவோம்."

எல்லா டூலையும் கழற்றி எனக்குத் தோதாக மாற்றி மாட்டினோம். நீளமானது ஒரு பக்கம், குட்டையானது ஒரு பக்கம். எரிச்சல் அதற்குள் போய்விட்டது. மறுபடி பழையபடி ஆகிவிட்டேன்.

முதல் புஷ்ஷில் துளை எட்டு மைக்ரான் சின்னதாக வந்தது. தேய்மானப் பக்கத்தில் எட்டைப் போட்டேன், புள்ளியை எண்ணிப் பார்த்துப் போட்டேன். அடுத்தது சரியாக வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. "போதும்க்கா, இனி நான் இங்க உக்காந்து என்ன பண்ண?" என்று அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புஷ்களைத் துணியில் சுற்றி, மொபெட்டில் நானே பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் உருளை முனையில் புஷ்ஷை வைத்துக் கட்டையால் தட்டினார். அது இறங்குகிற சத்தம் கேட்டால் தெரியும், இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. மெஷினை ஓடவிட்டார்கள். ஷீட் ஷீட்டாக வந்து விழுந்தது. முதல் கலர் மஞ்சள் மட்டும்தான் ஓடியிருந்தது. லட்சுமியின் உருவம், கண்ணும் மூக்கும் இல்லாமல், வெறும் மஞ்சளாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனது.

"பொருந்திருச்சும்மா" என்றார் அண்ணாச்சி. "யாரு போட்டா? ஆள் வச்சிருக்கீகளா?"

"நாந்தாண்ணாச்சி."

அவர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம் திரும்பி, "அடுத்த மெஷின் புஷ்ஷையும் கழட்டி அளவு குடு" என்றார். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது. நான் அந்தக் கண்ணில்லாத மஞ்சள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். சூடு விரலில் சுட்டது.

ஆவணியில் அத்தான் இன்னொரு ஆளைக் கூட்டிவந்தார். ராஜபாளையத்திலிருந்து வந்தவர், விவரமான ஆள். அவர் கேட்டதற்கெல்லாம் ஓட்டிக் காட்டினேன். வந்த புஷ்ஷைத் தன்னுடைய மைக்ரோமீட்டரிலேயே அளந்து பார்த்துத் தலையாட்டினார். நல்ல மெஷின், எடுத்துக்கொள்கிறேன், இரண்டு நாளில் வண்டி கொண்டுவருகிறேன் என்றார். அவர் கையைக் கழுவ வெளியே போனார்.

"என்னம்மா, முடிச்சிருவமா?" என்றார் அத்தான்.

"மெஷின் ஓடிக்கிட்டிருக்குத்தான்" என்றேன்.

"அது தெரியுது. அதான் வெல போகுது."

"நானே ஓட்டுறேன்த்தான்."

அவர் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். உள்ளே கூலண்ட் பாலாக வழிந்துகொண்டிருந்தது.

"தனியா நின்னு ஓட்டிருவியா? பயமா இல்லியா ஒனக்கு?"

"தெரியலத்தான். பயமும் தெரியல, ஒன்னும் தெரியல. கை மட்டும் போகுது."

"அன்னைக்கு இடிச்சிச்சே, அந்த மாதிரி ஆச்சுன்னா?"

"ஆகும். மறுபடி ஹோம்லருந்து எடுக்கணும். எடுக்கத் தெரியும்."

ராஜபாளையத்துக்காரர் உள்ளே வந்தார். அத்தான் அவர் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். என்ன சொன்னார் என்று தெரியாது. திரும்பி வந்து, "மூலையில கெடக்க பழைய லேத்த வேணும்னா எடுத்துக்கிடச் சொல்லிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

காலண்டர் சீசன் முடியும்வரை வேலை இருந்தது. பிறகு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து பித்தளைக் குச்சிக்கு ஆர்டர் வந்தது. காலையில் வந்து மெஷினைப் போட்டு ஹோமுக்கு அனுப்புவேன், பச்சை விளக்கு எரியும்வரை நிற்பேன், முதல் பீஸை அளந்து மைக்ரானைச் சரிசெய்வேன். மத்தியானம் அட்டைப்பெட்டிக் கம்பெனிப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக. சில நாட்களில் விரலுக்கும் மனசுக்கும் நடுவே துணி மாதிரி கிடந்த அந்த மரப்பு கொஞ்சம் மெலிந்தது மாதிரி இருக்கும். மறுநாள் பழையபடி தடித்துவிடும். நான் அதை அவசரப்படுத்தவில்லை.

முதல் வருஷத் திவசம் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் குச்சி லோடு கொடுக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் பட்டறைக்குப் போய் மிச்சத்தை ஓட்டி முடித்துவிட்டு அத்தான் வீட்டுக்குப் போனேன். எல்லாரும் வந்திருந்தார்கள். மகள் அவளுடைய அப்பா படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்கட்டுக் குழாயில் கை கழுவினேன். சோப்பு எத்தனை போட்டாலும் கூலண்ட் வாசம் முழுக்கப் போகாது. அடுப்படியில் ஒரு உறவுக்காரப் பெண், "புருசன் தெவசத்தன்னைக்கும் மெஷின் ஓட்டிட்டு வாரா. கல்லு நெஞ்சு" என்று சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. சொன்னது தப்பென்று எனக்குப் படவில்லை. சரியென்றும் படவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாமி கும்பிட்டு இலை போட்டார்கள். மகள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "அப்பா கை வாசம் வருதும்மா" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் பிடித்தபடியே இருந்தாள்.

அத்தான் வடை வாளியோடு வரிசையில் வந்தவர் எனக்கு முன்னால் நின்றார்.

"லோடு எடுக்க வண்டி எப்பம்மா வருது?"

"மூணு மணிக்குத்தான்."

"அப்ப அவசரமில்ல. இன்னொரு வடை வச்சுக்கோ. பட்டறைக்கு நான் கொண்டுபோய் விடுறேன்" என்றார்.